ஒரே வெள்ளைக் கம்பளம்

என் தங்கை பெற்ற மகளே,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றே சொன்னேன். குறி பார்க்க ஆட்டின் தோள்பட்டை எலும்பை நெருப்பிலிட்டபோது விரிசல் குறுக்கே ஓடியது. குறிசொல்லிக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்தது.

உன் புருஷன் கானாக முடிசூடிய நாளில் அவனை வெள்ளைக் கம்பளத்தில் உட்காரவைத்துத் தூக்கினோமே, ஒரு முனை என் கையில். மற்றவர்கள் பேருக்குத்தான் பிடித்தார்கள். எதிர் முனையில் உன் கொழுந்தன் அர்கசூன். "கான் ஆனதும் அண்ணன் இப்படிக் கனக்குறாரே, மாமா" என்று சிரித்தான்.

அரச ரத்தம் மண்ணில் சிந்தக் கூடாதல்லவா? அதனால் போன பௌர்ணமியன்று அதே கம்பளத்தில் உன் புருஷனைச் சுருட்டி, மேலே குதிரைகளை ஓட்டினான் அர்கசூன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அண்ணன்மேல் எவ்வளவு மரியாதை பார்.

இப்போது அவன்தான் கான். "அண்ணியக் கூட்டிட்டு வாங்க மாமா. அண்ணன் பொண்டாட்டி தம்பிக்குத்தானே? பையனையும் மறந்துடாதீங்க" என்கிறான். பையன் பேரைச் சொல்லும்போது மட்டும் அவன் சிரிக்கவில்லை.

கம்பளத்தைச் சுருட்டுமுன் இருபது பேரை உதறித் தள்ளிவிட்டு உன் புருஷனிடம் ஓடினேன். "மாமா, அவளையும் பையனையும் வடக்கே காட்டுக்குப் போயிடச் சொல்லுங்க" என்றான். அதைக் கேட்டு நட. இந்தக் கடிதம் கொண்டுவரும் குதிரையிலேயே கிளம்பு.

நான் யாரையும் தள்ளவில்லை. கூட்டத்தின் பின்னால் நின்றேன். குதிரைகளை ஓட்டுவது யார் என்று தெரியாமல் உன் புருஷன் கடைசிவரை கத்தியது "என் தம்பியக் கூப்பிடுங்க" என்றுதான். காட்டுக்குப் போகச் சொல்வது நான்.

உன் தாய்மாமன்