தகவல் தந்தவர்

4.2.2025, செவ்வாய்

மேலூர் சாலையில் உள்ள தனியார் மனநல மருத்துவமனையில் இன்று ஆய்வு. டாக்டர் பால்பாண்டி குழுத் தலைவர். வார்டுகளைப் பார்த்து எழுதுவது என் வேலை. தேதி சொல்லிவிட்டுப் போனால் என்ன கிடைக்குமோ அதுதான் கிடைத்தது. மடிப்புக் கலையாத புது விரிப்புகள். எல்லார் தலையிலும் எண்ணெய், மல்லிகைப்பூ. கல்யாண வீடு தோற்றது போங்கள்.

பெண்கள் வார்டில் கோரிப்பாளையத்து அஜ்மல் பீவி மட்டும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, பொழுதடைஞ்சு மகரிப் பாங்கு சொன்னதும் எங்க அஞ்சு பேரைப் பின்னாடி ரூம்ல விட்டு வெளிய தாப்பா போட்டுருறாக. விடிஞ்சாத்தான் தெறப்பாக. ஒரே ஒரு பக்கெட்டு. போன வருசம் நோன்பு மாசத்துல, விடியுமுன்ன சஹர் சாப்பாட்டுக்கு எந்திரிக்க விடல. ஒரு நோன்புகூடப் பிடிக்கல."

தெளிவான பேச்சு. என் நோட்டில் தன் பெயரைத் தானே அழகாக எழுதிக் கொடுத்தார்.

பின்னறையைத் திறக்கச் சொன்னேன். அது ஸ்டோர் ரூமாம், சாவி மேனேஜரிடமாம், மேனேஜர் ஊரில் இல்லையாம். பால்பாண்டி கடிகாரத்தைப் பார்த்தார். கிளம்பிவிட்டோம். சாவி வரும்வரை நான் ஏன் அங்கேயே உட்காரவில்லை?

6.2, வியாழன்

அறிக்கை முடிந்தது. படிவத்தில் 'தகவல் தந்தவர்' என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் அலுவலகத்தில் திருப்பி அனுப்புவார்கள். அஜ்மல் பீவி, மூன்றாம் கட்டில் என்று நிரப்பினேன்.

13.2, வியாழன்

விளக்கம் கேட்டு அறிக்கையின் நகலை மருத்துவமனைக்கே அனுப்பியிருக்கிறார்கள். பெயரோடு. வழக்கமே அதுதான் — எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருட சர்வீஸ். அடிப் பாவி, என்ன காரியம் செஞ்சுட்டே!

14.2

சோறு இறங்கவில்லை.

18.2, செவ்வாய்

பதில் வந்துவிட்டது. நோயாளி மனப்பிரமையில் சொன்னதாம். குறை எதுவும் இல்லை என்று ஒரு தாள், அதில் அஜ்மல் பீவியின் கைநாட்டு. எழுதத் தெரிந்தவருக்கு எதற்குக் கைநாட்டு?

நோட்டையும் தாளையும் பால்பாண்டியின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"சொல்லாமப் போகணும் சார். நீங்க வரலைன்னாலும் நான் போறேன்."

கையெழுத்தையும் கைநாட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "வாரேம்மா" என்றார்.

20.2, வியாழன்

இருட்டும் நேரத்துக்குப் போனோம். பின்னறையில் பூட்டே இல்லை; வெளியே தாழ்ப்பாள்தான். உதவியாளர் சீனியம்மாள் திறந்தார். மூத்திர நாற்றம். ஐந்து பெண்கள், ஒரு பக்கெட். அஜ்மல் பீவிக்கு மொட்டை அடித்திருந்தார்கள்.

"பேனுன்னு சொன்னாகம்மா," என்றார் சீனியம்மாள். "அறுவது பேருக்கு நான் ஒருத்தி. தாப்பா போடாம என்ன செய்ய?"

அஜ்மல் பீவி என்னைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒங்ககிட்ட இனி ஒண்ணும் சொல்ல மாட்டேன்க்கா."

அழுதுவிட்டேன். பால்பாண்டி முன்னால்தான். இருக்கட்டும்.

இந்த முறை கட்டத்தில் என் பெயர். தகவல் தந்தவர்: தாமரைச்செல்வி, ஆய்வாளர். நேரில் கண்டது.

10.3, திங்கள்

மறு ஆய்வு. புது நோயாளிகளைச் சேர்க்கத் தடை போட்டாயிற்று. இரவுக்கு இன்னும் இரண்டு பேரை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஆணி ஓட்டைகள்.

"பீவி வெள்ளன தானா எந்திரிச்சு சஹர் சாப்புடுது. இன்னைக்கு ஒம்போதாவது நோன்பு, ஒண்ணும் விடல," என்றார் சீனியம்மாள்.

அஜ்மல் பீவி என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். வேறு குறை உண்டா என்று மற்றவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டேன். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள், பிறகு என் நோட்டைப் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

'தகவல் தந்தவர்' கட்டத்தில் 'இல்லை' என்று எழுதக் கை வரவில்லை. காலியாகவே கொடுத்தேன். திருப்பி அனுப்பட்டும்.