மூச்சடக்கத் தெரிந்த பிள்ளைக்கு மறுக்கப்பட்ட பித்தநாள ஸ்கேன்

அனுப்புநர்:
ஹெரெய்ட்டி தெஃபானா,
முத்துப் பண்ணைத் தொழிலாளி,
தக்காரோவா தீவு.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
வைத்தெரே குழந்தைகள் மருத்துவமனை,
பாப்பேட்டே, தஹிட்டி.

பொருள்: என் மகள் வைமிட்டிக்கு (வயது 7) பித்தநாள எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க மறுத்தது பற்றிய புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஓராண்டாக என் மகளுக்குக் கண்ணும் தோலும் மஞ்சளிப்பதும் தெளிவதுமாக இருக்கிறது. அரிப்பு தாங்காமல் உடம்பைப் பிறாண்டிப் புண்ணாக்கிக்கொள்கிறாள். தீவுக்கு வந்த மருத்துவர் அல்ட்ராசவுண்ட் பார்த்துவிட்டு, பித்தநாளம் வீங்கியிருப்பதாகச் சொன்னார். எங்கே அடைப்பு என்று எம்.ஆர்.ஐ.யில் பார்த்துவிடலாம், குழாயும் வேண்டாம், கத்தியும் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தார். அதை நம்பித்தான் விமானம் ஏறினோம்.

2. படம் தெளிவாக விழ வேண்டுமென்று தங்கள் செவிலியர் கொடுத்த அன்னாசிச் சாற்றை வெறும் வயிற்றில் குடித்துவிட்டு வைமிட்டி தயாராக நின்றாள். ஸ்கேன் எடுக்கும் திரு. மொரோ அறை வாசலிலேயே வழிமறித்தார். பத்து வயதுக்குக் கீழே எடுப்பதில்லையாம். "மூச்சப் புடிச்சுக்கிட்டு அசையாமப் படுக்கணும்மா. உங்க தீவுப் புள்ளைங்களால ஆவற காரியமா இது?" என்றார்.

3. ஐயா, நாங்கள் கடலுக்கடியில் முத்துச்சிப்பி கட்டித் தொங்கவிட்ட கயிறுகளை மூச்சடக்கி முங்கிப் பார்த்துப் பிழைக்கிறவர்கள். வைமிட்டியும் என்னோடு முங்குகிறவள். "அப்ப நீங்களும் நானும் புடிச்சுப் பாப்பமா, மாமா?" என்று அவரிடமே கேட்டுவிட்டாள். பிடித்தார்கள். திரு. மொரோ முகம் சிவந்து இருமிய பிறகும் அவள் அசையாமல் நின்றாள். காத்திருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அவரோ விதி விதிதான் என்று கதவைச் சாத்திவிட்டார். தோற்ற எரிச்சலோ என்னவோ!

4. அதற்குப் பதிலாக, மயக்க மருந்து கொடுத்து வாய்வழியே பித்தநாளம் வரை குழாய் விடலாம் என்றார்கள் தங்கள் மருத்துவர்கள். அதில் கணையம் வீங்கிவிடவும் கூடும் என்று அவர்களே சொன்னார்கள். வெளியிலிருந்தே பார்க்கும் கருவி பக்கத்து அறையில் இருக்கும்போது இது எதற்கு? கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். உடனே, தாய் சிகிச்சைக்கு மறுத்துவிட்டதாகக் குறிப்பேட்டில் எழுதி, எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். அது பச்சைப் பொய். படத்தைப் பார்த்து அறுவை சிகிச்சை தேவை என்று சொல்லுங்கள், அந்த நிமிடமே கையெழுத்திடுகிறேன்.

5. எனவே, அந்தப் பொய்யை நீக்கி, என் மகளுக்கு உடனே ஸ்கேன் எடுக்கத் தாங்கள் ஆணையிட வேண்டும். இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. ஆணை வரும்வரை ஊர் திரும்பவும் மாட்டோம். தங்கள் மருத்துவமனை வாசல் பெஞ்சில்தான் இருக்கிறோம்.

இன்று காலை அவள் கண் மறுபடி மஞ்சளித்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து மூச்சுப் பிடித்துப் பழகிக்கொண்டிருக்கிறாள். மூச்சை அவள் எவ்வளவு நேரமும் அடக்குவாள், ஐயா. காமாலை அப்படிக் காத்திருக்காது.

இடம்: பாப்பேட்டே
நாள்: 14 மே 2024

விட்டுக்கொடுக்காத தாய்,
(ஒப்பம்) ஹெரெய்ட்டி தெஃபானா