படித்துக் காட்டாத தாள்

என் அன்பு வாயாடிக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நல்ல சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்ற சேதிக்குக் காத்திருக்கிறோம். இந்த முறை உன் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லி உன் அண்ணியிடம் கொடுக்கவில்லை, நானே படித்தேன். நான்கு நாள் ஆயிற்று. அண்ணி படித்தால் ரயில் போல ஓடிவிடும், எனக்கோ வரிக்கு வரி இறங்கி நின்று உன்னைப் பார்க்க முடிந்தது. என்ன, பொண்ணு இன்னும் முதல் பக்கத்துலயே நிக்கிறாளா என்று உன் அம்மா கேலி செய்தாள். செய்யட்டும்.

நீதிமன்றத்தில் பயிற்சிக்குப் போன உன்னை, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அவர்கள் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டிக் கைரேகை வாங்க உட்கார வைத்தார்கள் என்று எழுதியிருந்தாய். வீட்டை முழு மனதோடு மகனுக்குக் கொடுத்தேன் என்ற வரி வந்ததும், வயதான ஓர் அம்மா உன் கையைப் பிடித்து, கண்ணு, இதை நான் சொல்லவே இல்லையே என்றாராமே. புராணம் படிக்கவா உன்னை உட்கார வெச்சோம், விரலைப் பிடிச்சு அமுக்கிட்டு அனுப்பு என்று எழுத்தர் எரிந்து விழுந்தாராமே. நீ நேராக நீதிபதியிடம் போய்ச் சொன்னது நல்லது. அந்த அம்மா சொன்னதைக் கேட்ட ஒரே ஆள் நீதான் என்பதால், விசாரணை முடியும்வரை மூன்று மாதம் அங்கேயே இருக்கச் சொல்கிறார் நீதிபதி. அந்த எழுத்தர் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை, வந்துவிடட்டுமா அப்பா என்று நீ கேட்கிறாய்.

வா என்றுதான் முதலில் ஒரு தாள் நிறைய எழுதினேன். இந்த மாதக் கடைசியில் வருவாய் என்று உன் அறைக்கு வெள்ளையடித்து, கட்டிலையும் ஜன்னல் பக்கம் நகர்த்தியாயிற்று. தெருவில் பெட்டி இழுக்கும் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். எப்போதும் எதிர்வீட்டுக்காரர்தான், அந்த மனுஷனுக்கு எத்தனை பயணமோ.

எழுதிய கையோடு, படிக்க வேறு ஏதாவது அகப்படுமா என்று பழைய பெட்டியைக் குடைந்தேன். இந்த வயதில் எழுத்து வந்த பிறகு எனக்கு இந்தப் பைத்தியம், மருந்துச் சீட்டைக்கூட விடுவதில்லை. நீ பிறப்பதற்கு முன் மர ஆலையில் என் இடது கை விரல்கள் இரண்டு போயினவே, அன்று மேலாளர் ஆஸ்பத்திரியில் சேர்க்க என்று சொல்லிக் கைரேகை வாங்கிய தாளின் நகல் கிடைத்தது. எழுத்துக்கூட்டினேன். நான் குடித்துவிட்டு இயந்திரத்தில் கை வைத்தேன், தவறு என்னுடையதே என்று இருக்கிறது. கீழே என் கட்டைவிரல். உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இருமல் மருந்துக்கே தலை சுத்துற ஆளு, நீங்க குடிச்சீங்களாக்கும் என்று சிரித்தாள். பிறகு அடுக்களைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் பார், என் கண்ணாலேயே படித்துவிட்டேனே என்ற சந்தோஷத்தை என்னால் அடக்க முடியவில்லை.

அன்று அந்தத் தாளை எனக்குப் படித்துக் காட்ட உன்னைப் போல ஒருத்தி இருந்திருக்கக் கூடாதா. அதனால் முதலில் எழுதிய தாளை மடித்து வைத்துவிட்டேன். நீ இரு, அம்மாடி. எழுத்தர் முறைத்தால் முறைக்கட்டும், அவர் கண்தானே வலிக்கும். வெறும் வயிற்றோடு நீதிமன்றம் போகாதே. நீண்ட ஆயுளோடும் நிமிர்ந்த தலையோடும் இருக்க எங்கள் இருவர் ஆசியும் உனக்கு உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே, அந்த அம்மாவுக்காக நீ பேசி முடிக்கிற அன்றைக்கே வண்டி ஏறிவிடு. காலையில் கிளம்பலாம் என்று ஒரு ராத்திரி தங்கிவிடாதே.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அப்பா