பத்தோடு நிறுத்தியிருக்கலாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பாவின் இடுப்பு வலி குறைந்ததா? கோத்தா திங்கியில் வெள்ளம் வடிந்துவிட்டதா? நான் நலம். கன்னம்தான் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, பயப்படாதீர்கள்.

நேற்று விடுதியில் மூத்த மாணவி கவித்ராவை 'அக்கா' என்று கூப்பிட மறந்துவிட்டேன். அதற்குத் தண்டனையாக என் கன்னத்தில் நானே பத்து அறை அறைந்துகொள்ள வேண்டும். எல்லாரும் சிரித்துக்கொண்டே எண்ணினார்கள். பத்து முடிந்தும் நான் நிறுத்தவில்லை. உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

"அலமாக்! போதும்லா, நிறுத்துடி!" என்று கவித்ராவே அழுதுகொண்டு என் கையைப் பிடித்தாள். அவளையும் தள்ளிவிட்டு என்னையே அறைந்துகொண்டேன்.

அம்மா, நான் எதற்கும் உதவாதவள், எனக்கு இது வேண்டியதுதான் என்றே பல மாதங்களாகத் தோன்றுகிறது. இதை எழுதும் கையைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

தலைக்கு எண்ணெயும் என் பழைய போர்வையும் வேண்டும். விடுதிச் சமையல்கார ஆன்ட்டி நாளை ஊருக்கு வந்து இந்தக் கடிதத்தைத் தருவார். கிடைத்த அன்றே வாருங்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் வார்டனிடம் சொல்ல முடியவில்லை.

கவித்ரா இன்று பக்கத்துக் கட்டிலுக்கு மாறி, "கைய குடு, புடிச்சிக்கிட்டே தூங்குறேன்," என்றாள். இதை எழுத உருவிக்கொண்ட கையை, அவள் விழித்துத் தேடுவதற்குள் திரும்பக் கொடுக்க வேண்டும்.

உங்கள் மகள்,
தர்ஷாயினி