ஆறு காம்பராவுக்கும் ஒரே கூரை

ஜூன் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் இன்று பதினொரு குழந்தைகள், பதினொன்றுக்கும் மூக்கொழுகல். ஆயா வேலையா, மூக்குத் துடைக்கிற வேலையா தெரியவில்லை.

மாலை, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் கூட்டம். பிரதேச செயலகத்திலிருந்து ஒரு பெண். யாழ்ப்பாணப் பேச்சு, சிரித்த முகம், நனையாத சப்பாத்து. அரசாங்க மானியமாம். தகரத்துக்கு அடியில் குளிர் இறங்காத அட்டை. புகைபோக்கி வைத்த அடுப்பு. சிக்கன பல்ப் மூன்று. விறகு பாதி போதுமாம், கரண்ட் பில்லும் குறையுமாம். நாம் ஒரு சதமும் கட்ட வேண்டாமாம்.

சதம் வேண்டாமென்றால் வேறு என்னவோ வேண்டும்.

"ஒரு லயத்துக்கு ஒரு கூரை தானே அம்மா. ஆறு வீட்டு ஆக்களும் சைன் வைச்சால்தான் வேலை தொடங்கலாம்."

மூன்று பக்க ஃபோம். முழுக்கச் சிங்களம். தமிழில் இல்லையா என்று கேட்டேன்.

"இன்னும் அடிச்சு வரேல்லை. பயப்பிடாதேங்கோ, ஒண்டும் இல்லை."

ஒன்றும் இல்லாததை எழுத மூன்று பக்கமா?

ஜூன் 5, வியாழன்

எங்கள் லயத்து வரிசை வீட்டில் நான்கு காம்பராக்காரர்கள் கையெழுத்துப் போட்டு விட்டார்கள். இன்று பக்கத்துக் காம்பரா செல்வியும். மிச்சம் நான்.

செல்வி கொழும்பில் ஆறு வருடம் கார்மெண்டில் இருந்தவள். சிங்களம் நன்றாக வாசிப்பாள். அவளிடம் கேட்டிருக்கலாம். ஆனால் லயத்திலேயே அவளுக்குத்தான் இந்த அட்டையும் அடுப்பும் அவசரம். இருப்பதை இருக்கிறபடி வாசித்துக் காட்டுவாளா?

தோட்டத்தை நடத்துகிற துரை எதற்கு இதற்குச் சம்மதித்தார்? அதையும் யோசிக்க வேண்டும். போன வருடம் தகரம் ஒழுகுகிறது என்று நான்கு தடவை சொன்னதற்கு ஒரு ஆணி வரவில்லை.

அடுத்த வருடம் எனக்கு வேலை முடிகிறது. மகன் கொழும்பில் ஹோட்டலில். தோட்டத்தில் பேர் பதிந்த ஆள் இல்லாத காம்பராவாகிவிடும். அப்புறம் "எழும்பு" என்று சொல்ல இந்த மாதிரி ஒரு காகிதம் போதாதா? அதுதான் என் பயம். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

வாங்க வேண்டியது: உப்பு, மண்ணெண்ணெய், வலி எண்ணெய்.

ஜூன் 6, வெள்ளி

தண்ணீர்க் குழாயடியில் எனக்குக் கேட்கட்டும் என்றே ஒருத்தி: "ஒரு ஆளால ஆறு குடும்பத்து வாயிலயும் மண்ணு."

கேட்காத மாதிரி குடத்தை நிரப்பினேன். எரிச்சல். கோயிலுக்குப் போகவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

மழை விட்டது. கினிகத்தேனை டவுனுக்கு பஸ், வழியெல்லாம் நின்றுகொண்டே. ஃபோமை மடித்துச் சட்டைக்குள் வைத்திருந்தேன். நம்மைத் தெரியாத ஒருவர் வாசித்தால்தான் உண்மை வரும்.

போட்டோ கொப்பி கடையில் ஒரு சிங்களப் பெண். கொஞ்சம் தமிழ் தெரிந்தவள். முதல் பக்கம் பேர், விலாசம். இரண்டாவது பக்கம் அட்டை, அடுப்பு, பல்ப். மூன்றாவதில் நிறுத்தினாள்.

"அம்மே, இங்க சொல்றது, இந்த வீடு ஒங்கட இல்ல. பின்னாடியும் என்ட வீடுன்னு கேக்க மாட்டேன்னு. அதுக்குத்தான் சைன்."

மறுபடி வாசிக்கச் சொன்னேன். மறுபடியும் அதேதான். அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் தந்தாள்.

அப்படியானால் நான் பைத்தியம் இல்லை. சந்தோஷமாக இருந்தது, பஸ் ஏறும் வரைக்கும்.

மண்ணெண்ணெய் மறந்துவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

வேலை விட்டதும் நேரே செல்வி வீட்டுக்கு. அடுப்பில் ஈர விறகு. கண்ணைத் திறக்க முடியவில்லை. குழந்தை அவள் இடுப்பில், நெஞ்சு கர்கர் என்று இழுக்கிறது.

பென்சில் புள்ளியைக் காட்டினேன்.

"தெரியுங்க அக்கா."

"தெரிஞ்சுமா போட்ட?"

"வாசிச்சுட்டுத்தான் போட்டேன். பாப்பாவ பொகைல வைக்காதன்னு டொக்டர் சொல்றாரு. இருக்கறது ஒத்தக் காம்பரா. எங்க கொண்டுபோயி வைக்கிறதுங்க? வீட்ட எழுதித் தாறோம்னு ஒவ்வொரு எலக்சனுக்கும் வந்து சொல்றாங்க. அது வரைக்கும் இவ மூச்சு விடணுமில்ல."

சத்தம் போடவில்லை அவள். போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். தேத்தண்ணி தந்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 11, புதன்

கையெழுத்துப் போட்டேன். போடுவதற்கு முன்னால் பேனையால் அந்த ஒரு வரியை அடித்தேன். ஒன்றுக்கு இரண்டு கோடு, அழுத்தி. உறையில் போட்டு, சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன்.

குழந்தைக்கு அடுப்பும் வரும், எனக்குக் காம்பராவும் இருக்கும். கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

ஜூன் 12, வியாழன்

பனி. பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

யாழ்ப்பாணப் பெண் வந்தாள். உறையைப் பிரிக்காமலே எங்கள் லயத்து ஃபோம் கட்டோடு வைத்து நூலால் கட்டினாள். "பாத்தீங்களே அம்மா, எவ்வளவு லேசு!"

அடுத்து மேட்டு லயத்துக்காரர். அவர் ஃபோமைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஐயா, இதில வெட்டிக் கிறுக்கி இருக்கு. வேற ஃபோம் தாறன், நிரப்புங்கோ. ஒண்டில வெட்டு இருந்தாலும் அந்த லயத்துக் கட்டு முழுக்கக் கொழும்பில ஏலாதெண்டு திருப்பி அனுப்பிப்போடுவினம். பிறகு என்னட்ட அழக் கூடாது."

கட்டு எனக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கேட்டால் எனக்கும் வேறு ஃபோம் தந்திருப்பாள். அந்த வரி இருக்கும், அதன் கீழே என் கையெழுத்தும் இருக்கும். வாய் வரைக்கும் வந்தது. நின்றேன். அவள் கட்டுகளைப் பையில் போட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

பிள்ளைக் காம்பராவில் பகலெல்லாம் யார் அழுதாலும் செல்வியின் குழந்தை மாதிரியே கேட்டது.

சாயந்திரம் செல்வி ஒரு தட்டில் ரொட்டியும் சம்பலும் கொண்டு வந்தாள். குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"எல்லாரும் ஒங்களத் திட்டுனாங்க. நான் அப்பவே சொன்னேன், அக்கா போட்டுருவாங்கன்னு."

உறைக்குள் என்ன இருந்தது என்று கேட்கவே இல்லை. சிங்களம் வாசிக்கத் தெரிந்தவள்.