தலையில் விழுவதற்கு முன்

அண்ணாச்சி,

மின்வெட்டால் தையல் பிந்துகிறது, குழந்தைகள் பனியனில் ஒரு பகுதி சொன்ன நாளில் கப்பல் ஏறாது என்று உங்கள் கம்பெனியிலிருந்து இன்று காலை சரக்கு வாங்கும் பெல்ஜியம் பையருக்கு மெயில் போய்விட்டது. அனுப்பியவர், உங்கள் இடத்துக்கு வந்து இப்போது பையர்களோடு பேசும் மெர்ச்சண்டைசர் செல்வி. என்னிடம் சொன்னதும் அவரேதான்.

எங்கள் பத்திரிகைக்கு மின்வெட்டுச் செய்தி சேகரிக்க அங்கே போயிருந்தேன். அயர்னிங் மேசையிலிருந்து சூடான பருத்தியின் வாசனை வந்தது. அந்த வாசனைக்கு நடுவில்தானே நீங்கள் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருப்பீர்கள். செல்வியின் மெயில் 'ஜஸ்ட் எ ஹெட்ஸ் அப்' என்று தொடங்கியது.

அதற்கு என்ன அர்த்தம் என்று பேக்கரியில் டீ குடிக்கும்போது ஒருமுறை கேட்டேன். "மேல இருந்து ஒண்ணு விழப்போவுதுன்னா, தலையில விழுறதுக்கு முன்னால சொல்லுறது வே" என்றீர்கள். கூட வேலை செய்கிறவர்கள் ஒருவருக்கொருவர் சாதாரணமாகச் சொல்லிக்கொள்வது. வக்கீல் நோட்டீசில் எழுதக் கூடாது. அது மன்னிப்பும் இல்லை, மிரட்டலும் இல்லை என்றும் சொன்னீர்கள். அகராதியில்கூட இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது.

ஆனால் நம் ஊரில் வேறொரு வழக்கம் இருந்தது. பையர் எப்போது கேட்டாலும் "ஆயிருமுங்க" என்பதுதான் பதில். சரக்கு அரைகுறையாகக் கிடந்தாலும் அதே பதில்தான். அது பொய் என்று யாரும் நினைக்கவில்லை. அதை ஒரு மரியாதை என்றே நினைத்தார்கள்.

வீரபாண்டி சாயப்பட்டறையிலிருந்து நீலத் துணி இரண்டாவது லாட்டில் நிறம் கொஞ்சம் மாறி வேறு ஷேடில் வந்தபோது, உங்கள் முதலாளியும் அந்த வழக்கப்படியே பேசினார். செய்திக்காக வந்த நானும் அந்த அறையில் இருந்தேன்.

"ஏனுங்க, கப்பலுக்கு நாள் கெடக்குதுங்களே. நம்ம வாயாலயே எதுக்குங்க சொல்லிக்கோணும்?"

"இன்னைக்குச் சொன்னா அவன் வேற வழி பாப்பான். கப்பல் அன்னைக்குச் சொன்னா வேற ஆளைப் பாப்பான்."

"ஆர்டர் போச்சுன்னா நீங்களும் வேற எடம் பாக்கோணுமுங்க."

"பாத்துக்கிடுதேன் மொதலாளி" என்று சொல்லிவிட்டு மெயிலைத் தட்டினீர்கள். எதில் பிழை, எவ்வளவு பிந்தும், எந்த நாளில் தர முடியும், எல்லாம் அதில் இருந்தது. பதில் வரும்வரை முதலாளி உங்கள் பக்கம் திரும்பவில்லை. நல்ல துணியில் தைத்ததை முதலில் அனுப்புங்கள், மீதி அடுத்த கப்பலில் வரட்டும் என்று பையர் எழுதினார். முன்கூட்டியே சொன்னதற்கு நன்றியும் இருந்தது.

அதன்பின் அந்தச் சொல் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குக் குழம்பு தீர்ந்தால்கூட ஹெட்ஸ் அப். ஒருநாள் பேக்கிங் சூப்பர்வைசர் ஓடி வந்து, "சார், ஒரு ஹெட்ஸ் அப்புங்க. போன கன்டெய்னர்ல லேபிள் மாறிப்போச்சுங்க" என்றார். நீங்கள் பேனாவைக் கீழே வைத்தீர்கள். "கப்பல் போன பொறவு சொன்னா அது ஹெட்ஸ் அப் இல்லவே. துட்டி கேக்கது. சாவு வீட்டுக்குப் போயிச் சொல்லுறது." சிரித்து முடித்துவிட்டு, அந்த பையருக்கும் உடனே எழுதினீர்கள்.

உங்கள் நோயையும் அப்படித்தான் சொன்னீர்கள். டாக்டர் சொன்ன மறுநாளே என்னை அதே பேக்கரிக்குக் கூப்பிட்டீர்கள். அதனால் நீங்கள் கண்ணை மூடுவதற்கு முன்பே பேச வேண்டியதையெல்லாம் நாம் பேசி முடித்திருந்தோம். எனக்கு அதில் குறை எதுவும் இல்லை.

உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. யாரைப் பற்றியாவது பாதகமான செய்தி வரப்போகிறதென்றால், அச்சுக்குப் போவதற்கு முன்பே அவரை அழைத்துச் சொல்லிவிடுகிறேன். சிலர் திட்டுவார்கள். சிலர் நான் தவறவிட்ட ஆதாரத்தை எடுத்துவந்து காட்டுவார்கள். என் செய்திகள் அதனால் தேறியிருக்கின்றன.

முதலாளியின் மகன்தான் இப்போது பொறுப்பில் இருக்கிறார். மெயில் போவதை அவர் தடுக்கவில்லை. ஆனால் "ஆர்டர் கேன்சல் ஆச்சுன்னா நீங்கதானுங்க பதில் சொல்லோணும்" என்று செல்வியிடம் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகும் செல்வி மெயிலை அனுப்பிவிட்டார். பெல்ஜியத்தில் இன்று விடுமுறை. பதில் திங்கள்கிழமை மதியத்துக்கு மேல் வரும் என்கிறார்.