தேநீரில் திரும்பி வந்த முகம்

இன்று அலுமாரியை ஒதுக்கும்போது உன் பழைய மேற்சட்டை கையில் அகப்பட்டது. அதன் கைநுனியில் நீலக்கறை இன்னும் போகவில்லை. நீ கண்மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது.

நாற்பதைத் தாண்டியபின்தானே சிநேகிதிகள் நாங்கள் படம் அடிக்கும் இந்த வேலையில் இறங்கினோம். நான் ஆசிரியை, நீ கீரிக் கிராமத்தில் தையல்காரி. உன்னிடம் சட்டை தைக்க வரும் விடத்தல்தீவு றீற்றா மாமியிடம், கடலுக்குப் போய்த் திரும்பாத மகனின் படம் ஒன்றுகூட இல்லை. இடம்பெயர்ந்த வழியில் எல்லாம் தொலைந்துபோயின. ஸ்டூடியோக்காரர் கொடுத்த உள்ளங்கையளவு நெகட்டிவ் மட்டும் மிச்சம். அதிலிருந்து படம் எடுக்கேலாதென்று கடைக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

"வெயிலில படம் அடிக்கலாமாம். நாங்களே செய்து பாப்பம்" என்றாய்.

தெரிந்ததெல்லாம் தொலைபேசியில் பார்த்த காணொளிகள்தான். கொழும்பிலிருந்து எடுப்பித்த இரண்டு பொடிகளைக் கரைத்து, இருட்டறையில் தாளில் பூசிக் காயவிட்டு, நெகட்டிவை மேலே வைத்துக் கண்ணாடியால் அமுக்கி முற்றத்து வெயிலில் வைப்போம். பிறகு அலசினால் நீலநிறத்தில் படம் எழும்பவேண்டும். எங்களுக்கோ எல்லாம் தண்ணீரோடு போனது. ஒருமுறை சோழகக் காற்று கண்ணாடியை நகர்த்தி, அவனுக்கு இரண்டு மூக்கு வந்தது. நான் அலுத்துப்போனேன். நீ சிரித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தாய்.

கடைசியில் ஒன்று சரிவந்தது. கண், மீசை, சட்டைப் பொத்தான் எல்லாம் தெளிந்த நீலத்தில்.

"நாளைக்கே கொண்டுபோய்க் குடுப்பம்" என்றேன்.

நீ படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். "நீலமாக் குடுக்கேலாதடி. அவனைக் கடல் கொண்டுபோனது. அந்த மனிசிக்குத் தண்ணிக்குள்ள கிடக்கிற மாதிரியெல்லோ தெரியும்."

எனக்கு அது தோன்றவேயில்லை.

நீலம் போகச் சலவைச் சோடாக் கரைசலில் அந்த ஒரே படத்தை நீ அமிழ்த்தினாய். முகம் மங்கி, வெளிறிய மஞ்சளாகிக் கிட்டத்தட்ட இல்லாமலே போனது. நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டேன். "பொறு, வருவான்" என்றபடி கடும் சாயத் தேநீருக்கு மாற்றினாய். மெல்ல மெல்ல, தேநீரின் கபில நிறத்தில், அவன் வந்தான்.

மாமி படத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தா.

"கடலால வாற நேரம் இப்பிடித்தான் கறுத்திருப்பான்" என்றா. பிறகு திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடிக்கச் சொன்னா.

எத்தனையோ பேருக்குப் படம் அடிக்கத் தெரியும். பார்க்கப்போகிறவளின் கண்ணை முதலில் நினைத்தவள் நீ.

போன கிழமை முருங்கனிலிருந்து ஒரு பெண் தன் தகப்பனாரின் நெகட்டிவோடு வந்தாள். "ஐயாவை எப்பிடி ஞாபகம் வைச்சிருக்கிறீங்கள்?" என்று கேட்டேன். அவள் சொல்லத் தொடங்கினாள். வெயில் இறங்கிப் போனது. அன்று நாங்கள் ஒரு தாளிலும் மருந்து பூசவில்லை.